சிரிப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர்: லாரி கெல்பார்ட்

கேள்வி இது: "'மாஷ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் என்றாலே லாரி கெல்பார்ட் என்கிறார்கள். ஆனால் அந்தக் கதை முதலில் நாவலாக வந்தது, பிறகு சினிமாவாகவும் வந்துவிட்டது. தொடரின் பின்பாதியில் அவர் இல்லவே இல்லை. அப்படியிருக்க அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அந்த மனிதர் யார்?"

நியாயமான கேள்விதான். முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். நாவல் 1968இல் வந்தது. கொரியப் போரில் அறுவை மருத்துவராக வேலை பார்த்த ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர், ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் எழுதியது. ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய படம் 1970. தொலைக்காட்சித் தொடர் 1972 செப்டம்பர் 17இல் தொடங்கி 1983 பிப்ரவரி 28 வரை பதினோரு சீசன் ஓடியது. கெல்பார்ட் அதில் இருந்தது முதல் நான்கு சீசன், 97 எபிசோடு. மொத்தத்தில் பாதிகூடக் கிடையாது. கதை அவருடையதல்ல, பாத்திரங்களில் பெரும்பாலோர் அவர் படைத்தவர்கள் அல்ல, முடிவும் அவர் எழுதியதல்ல.

பிறகு என்ன மிச்சம் என்று கேட்டால், என் பதில் இது: அந்தத் தொடரில் எங்கே சிரிக்கக் கூடாது என்பதை முடிவு செய்தவர் அவர். பதினாறு வயதிலிருந்து பிறரைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்கிய ஒருவர், நாற்பத்து நான்கு வயதில் சிரிப்பை நிறுத்துவதற்காகச் சண்டைக்கு நின்றார். அது எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் ஒரு சலூனிலிருந்து தொடங்க வேண்டும்.

1928 பிப்ரவரி 25இல் சிகாகோவில் பிறந்தவர். யூதக் குடும்பம். அப்பா லாட்வியாவிலிருந்தும் அம்மா போலந்திலிருந்தும் வந்தவர்கள். அப்பா ஹாரி முடிதிருத்தும் தொழிலாளி. 1940களின் தொடக்கத்தில் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் போனது, பையன் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே ஹாரியிடம் முடிவெட்டிக்கொண்டவர்களில் சினிமாக்காரர்களும் ரேடியோக்காரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் டேனி தாமஸ், அப்போது வளர்ந்துகொண்டிருந்த நகைச்சுவை நடிகர். அவருக்கு முடிவெட்டும்போதெல்லாம் "என் மகன் பிரமாதமாகத் தமாஷ் எழுதுவான்" என்று அப்பா பெருமை பேசியிருக்கிறார். கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி வைத்திருக்கும் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை யார்தான் கேட்காமல் இருப்பார்கள்? எழுதிக்கொண்டு வரச் சொன்னார் தாமஸ். பையனும் எழுதிக்கொண்டு போனான். அது பிடித்துப்போய், ஃபேனி பிரைஸ் நடத்திய 'மேக்ஸ்வெல் ஹவுஸ் காஃபி டைம்' வானொலி நிகழ்ச்சியில் வேலை கிடைத்தது. பள்ளிப்படிப்பு முடியவில்லை, வயது பதினாறு.

அடுத்தது 'டஃபிஸ் டாவர்ன்' என்ற வானொலித் தொடர். நியூயார்க்கில் ஒரு மதுக்கடை. முதலாளி டஃபி ஒரு நாளும் கடைக்கு வர மாட்டார், தொலைபேசியில் மட்டும் கூப்பிடுவார். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்ச்சி பெரிய வார்த்தைகளை எல்லாம் தப்புத்தப்பாகப் போட்டுப் பேசுவான். நிகழ்ச்சியின் உயிரே அந்த வார்த்தைக் குளறுபடிதான். சொல்லைத் திருப்பிப் போட்டால், ஓர் எழுத்தை நகர்த்தினால், சந்தியை வேறு இடத்தில் பிரித்தால் என்ன ஆகும் என்கிற விளையாட்டு கெல்பார்ட்டின் கைக்கு அங்கேதான் வந்தது. பிற்காலத்தில் 'மாஷ்' நாயகன் ஹாக்ஐ மூச்சுவிடாமல் பேசும் சிலேடைகளைக் கேட்டால் அந்த மதுக்கடை வாசனை அடிக்கும்.

இடையில் ராணுவத்துக்கு அழைத்தார்கள். போனார். எங்கே தெரியுமா? ராணுவ வானொலிப் பிரிவுக்கு, அதுவும் லாஸ் ஏஞ்சலஸிலேயே. உலகப் புகழ்பெற்ற ராணுவத் தொடரை எழுதப்போகிறவரின் படைச் சேவை வீட்டுக்குப் பக்கத்திலேயே, படைவீரர்களுக்கான வானொலி நிகழ்ச்சி எழுதுவதில் கழிந்தது. போர்க்களத்தைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் எழுத்தாளராக.

ஹோப்பின் பட்டறை எப்படி நடந்தது என்பது அந்தக் காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொழிலின் உள்ளே எட்டிப் பார்ப்பது மாதிரி. ஒரே விஷயத்தை எல்லா எழுத்தாளர்களுக்கும் கொடுப்பார். ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக ஜோக் எழுதிக்கொண்டு வருவார்கள். ஹோப் அவற்றிலிருந்து பொறுக்குவார். பத்தில் ஒன்று தேறினால் அன்றைக்கு அதிர்ஷ்டம். படைமுகாம்களுக்குப் போகும்போது எழுத்தாளர்களும் உடன் போக வேண்டும். அந்தந்த முகாமின் சாப்பாடு, சேறு, எரிச்சலூட்டும் அதிகாரி என்று உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தால்தான் சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெர்லினுக்குப் போனார் கெல்பார்ட். போர் நடந்துகொண்டிருந்தபோதே கொரியாவுக்கும் போனார். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்த அந்தப் பையன்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்ற கேள்வி, ஜோக் எழுதும் இருபத்துச் சொச்ச வயது இளைஞனுக்கு அன்றைக்கே எழுந்திருக்கலாம், எழாமலும் போயிருக்கலாம். இருபது வருடம் கழித்து அவர் எழுதியதில் அது இருக்கிறது.

1950களின் நடுவில் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் சிட் சீஸர். இங்கே ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் நல்ல பத்திரிகைகளே தவறாகப் போட்டிருக்கின்றன. சீஸருக்கு இரண்டு பெரிய நிகழ்ச்சிகள். முதலாவது 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்', 1950 முதல் 1954 வரை. இரண்டாவது 'சீஸர்ஸ் அவர்', 1954 முதல் 1957 வரை. கெல்பார்ட் எழுதியது இரண்டாவதற்கு. முதலாவது அதிகம் பேசப்பட்டது என்பதால் எல்லோரையும் அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். வுடி ஆலனுக்கும் இதே கதிதான். அவர் சீஸருக்காகக் கெல்பார்ட்டோடு சேர்ந்து எழுதியது இன்னும் பின்னால் வந்த சிறப்பு நிகழ்ச்சிகளில்.

அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மெல் டோல்கின், மெல் புரூக்ஸ், நீல் சைமன், கார்ல் ரைனர், செல்மா டயமண்ட். ஒரு மணி நேர நிகழ்ச்சி, வாரா வாரம், நேரடி ஒளிபரப்பு. வெட்டி ஒட்ட முடியாது. யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவர் ஜோக் உள்ளே போகும். நீல் சைமன் மெல்லிய குரல்காரர், பக்கத்தில் இருக்கும் ரைனரின் காதில் சொல்வார், ரைனர் எழுந்து நின்று அறைக்கே கேட்கும்படி கத்துவார் என்று அவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தக் கூச்சலிலும் சளைக்காமல் வார்த்தையைப் பிடித்து வார்த்தையால் அடிக்கிறவர் என்று கெல்பார்ட் பெயர் வாங்கினார். பல ஆண்டுகள் கழித்து, 1993இல், சைமன் அந்த அறையையே நாடகமாக்கினார்.

இதற்குள் நாடக ஆசை வந்துவிட்டது. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் கிறிஸ்துவுக்கு முன் எழுதிய கேலி நாடகங்களை எடுத்து, பர்ட் ஷெவ்லவ் என்பவரோடு சேர்ந்து குழைத்து, ஸ்டீபன் சோன்ட்ஹைம் பாடல்களோடு 'எ ஃபன்னி திங் ஹேப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்' என்று மேடையேற்றினார்கள். திரும்பத் திரும்ப எழுதிப் பல வருடம் ஆனது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு வரும் முன் வெளியூர்களில் போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்த ஒத்திகைக் காட்சிகளில் கூட்டம் சிரிக்கவில்லை. நாடக, நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸை அழைத்துக் காட்டினார்கள். 'இது தமாஷ் நாடகம் என்று முதல் பாட்டிலேயே சொல்லிவிடுங்கள், ஜனங்களுக்கு அது தெரியவில்லை' என்பது அவர் சொன்ன வைத்தியம். சோன்ட்ஹைம் தொடக்கப் பாட்டை மாற்றி எழுதினார், நாடகம் பிழைத்துக்கொண்டது. 1962 மே மாதம் பிராட்வேயில் தொடங்கி 964 காட்சிகள். 1963இல் கெல்பார்ட்டுக்கும் ஷெவ்லவுக்கும் நாடகத்துக்கான டோனி விருது. சிரிக்கலாம் என்ற அனுமதி கிடைத்ததும் கூட்டம் சிரித்தது. அப்படியென்றால் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் என்ன நடக்கும்? இதை நான் பின்னோக்கிப் பார்த்துச் சொல்கிறேன், ஆனால் 'மாஷ்' பார்த்தவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியும்.

வெளியூர் ஒத்திகைகளின் கொடுமையைப் பற்றி அவர் அடித்த ஒரு ஜோக் நாடகக்காரர்கள் நடுவே இன்னமும் உலவுகிறது: ஹிட்லர் உயிரோடு இருந்தால், ஏதாவது ஒரு மியூசிக்கல் நாடகத்தோடு வெளியூரில் மாட்டிக்கொண்டிருக்கட்டும்.

நாடகத்தின் லண்டன் தயாரிப்புக்காக 1963இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர், ஒன்பது வருடம் அங்கேயே தங்கிவிட்டார். படங்கள் எழுதினார், மார்ட்டி ஃபெல்ட்மனுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்தார். அமெரிக்கா வியட்நாமில் சிக்கி, ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்த வருடங்களை அவர் கடலுக்கு அப்பாலிருந்து பார்த்தார் என்பதுதான் இந்தக் கட்டத்தில் முக்கியம்.

1971இல் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸ் லண்டனுக்கே வந்து அவரைப் பிடித்தார். 'மாஷ்' படத்தைத் தொலைக்காட்சித் தொடராக்க வேண்டும், முதல் எபிசோடை நீங்கள் எழுத வேண்டும். 'மாஷ்' என்பது நடமாடும் ராணுவ அறுவைசிகிச்சை மருத்துவமனையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். போர்முனைக்குச் சில மைல் தள்ளிக் கூடாரம் போட்டு, ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் காயம்பட்டவர்களை அறுத்துத் தைத்து அனுப்பும் இடம். கெல்பார்ட் ஒப்புக்கொண்டார்.

நாயகன் வேடத்துக்கு அழைக்கப்பட்ட ஆலன் ஆல்டா அப்போது யூட்டா மாநிலச் சிறைச்சாலையில் ஒரு படப்பிடிப்பில் இருந்தார். ஸ்கிரிப்டைப் படித்ததும் பிடித்துவிட்டது, ஆனால் ஒரு பயம். போர்முனையில் கும்மாளம் என்று வாரா வாரம் கூத்தடிக்கும் தொடராக இது ஆகிவிட்டால்? ஒத்திகைக்கு முந்தைய இரவு கெல்பார்ட்டையும் ரெனால்ட்ஸையும் சந்தித்து, போரை விளையாட்டாகக் காட்டக் கூடாது என்று பேசித் தீர்த்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மூவருக்கும் மனதில் இருந்தது ஒன்றே என்பது அந்த இரவில் தெரிந்தது.

இனி சிரிப்புப் பெட்டிக்கு வருவோம்.

அன்றைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில், பார்வையாளர்கள் முன்னால் எடுக்காதவற்றுக்குக்கூடப் பின்னணியில் கூட்டச் சிரிப்பைச் சேர்த்துவிடுவார்கள். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் இதற்கென்றே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். உள்ளே பதிவு செய்த சிரிப்புகளின் நாடாச் சுருள்கள், வெளியே விசைகள். ஒரு விசையை அழுத்தினால் மெல்லிய நகைப்பு, இன்னொன்றில் வெடிச் சிரிப்பு, வேறொன்றில் ஒரு பெண்மணியின் கிளுகிளுப்பு. ஆர்மோனியம் வாசிப்பது போல உட்கார்ந்து வாசிப்பார். இழவு வீட்டில் கூலிக்கு மாரடிக்க ஆள் பிடிப்பது நமக்குத் தெரிந்த விஷயம். இது சிரிப்பதற்குக் கூலி ஆள்.

'மாஷ்' சினிமா மாதிரி ஒற்றைக் கேமராவில் எடுக்கப்பட்டது. கூடாரத்துக்கு எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்து சிரிக்கவில்லை, சிரித்தால் அது கொரியாவும் அல்ல. கெல்பார்ட்டும் ரெனால்ட்ஸும் சிரிப்பொலி வேண்டாம் என்றார்கள். தொடரை ஒளிபரப்பிய சி.பி.எஸ். சேனலின் நிர்வாகம் கட்டாயம் வேண்டும் என்றது. சிரிப்பு இல்லாவிட்டால் இது காமெடி என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம். (ராபின்ஸ் சொன்ன அதே வாதம்தான். அங்கே அது வைத்தியம், இங்கே அது நோய்.) கடைசியில் சமரசம்: மற்றக் காட்சிகளில் சிரிப்பு இருக்கட்டும், அறுவைசிகிச்சை அறைக்குள் ஒரு சிரிப்பும் வரக் கூடாது.

கேட்கச் சின்னச் சலுகை. திரையில் அது செய்த வேலை பெரியது. இப்போது போய் ஒரு பழைய எபிசோடைப் பாருங்கள். கூடாரத்தில் ஹாக்ஐயும் சக மருத்துவர் டிராப்பரும் ஜின் காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிண்டலடிக்கிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. ஹெலிகாப்டர் சத்தம். ஓடுகிறார்கள். முகமூடி, ரத்தம், விளக்கு. அதே ஹாக்ஐ அதே வேகத்தில் அதே மாதிரி ஜோக்கை இங்கேயும் அடிக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கை காட்டிக்கொண்டிருந்த மனிதன் உண்மையில் தூக்கத்தோடும் பயத்தோடும் மல்லாடிக்கொண்டிருக்கிறான் என்பது அந்த மௌனத்தில் புரிந்துவிடும். விளக்க வசனம் ஒன்றும் தேவைப்படாது.

மூன்றாவது சீசனில் 'ஓ.ஆர்.' (அறுவை அறையின் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஓர் எபிசோடு, 1974 அக்டோபரில் வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை முழுக் கதையும் அறுவை அறைக்குள்ளேயே நடக்கிறது. ஆகவே முழு எபிசோடிலும் சிரிப்பொலி கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டை வழியாக யானையையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். பிரிட்டனில் பி.பி.சி. இந்தத் தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. அமெரிக்கர்கள் பார்த்த 'மாஷ்' வேறு, பிரிட்டிஷ்காரர்கள் பார்த்தது வேறு என்றே சொல்லலாம்.

தணிக்கையோடும் தகராறு உண்டு. ஓர் இளம் சிப்பாய் தான் 'வர்ஜின்', அதாவது பெண் சுகம் அறியாதவன், என்று சொல்லும் வசனம் ஒன்று. அந்த வார்த்தை கூடாது என்று சேனலில் அடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் கெல்பார்ட் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து படுக்க வைத்தார். எந்த ஊரப்பா என்று கேட்டால் பதில்: 'வர்ஜின் ஐலண்ட்ஸ்'. டஃபி மதுக்கடையில் தேறிய கை இப்படியும் உதவியது. ஆனால் எல்லாச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை. உறைபனியில் வேண்டுமென்றே நின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பப் பார்க்கும் சிப்பாய்களைப் பற்றி ஒரு கதை யோசித்தார்கள். கொரியாவில் நிஜமாகவே நடந்தது அது. நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்று சேனல் மறுத்துவிட்டது.

நிஜத்தில் நடந்தது என்று சொன்னேன். இந்தத் தொடரின் அடித்தளமே அதுதான். கொரியாவில் வேலை பார்த்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் தேடிப்பிடித்து மணிக்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். இரண்டாவது சீசன் முடிந்ததும் கெல்பார்ட்டும் ரெனால்ட்ஸும் தென்கொரியாவுக்கே போய்வந்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு வரி, ஒரு சம்பவம், ஒரு வினோதப் பழக்கம் என்று எடுத்து எடுத்து எபிசோடுகளில் வைத்தார்கள்.

முதல் சீசனில் தொடர் சரியாக ஓடவில்லை என்பதை மறக்கக் கூடாது. பார்வையாளர் வரிசையில் 46ஆம் இடம். நிறுத்திவிடுவார்கள் என்றே பேச்சு. அந்தச் சமயத்தில், 1973 ஜனவரியில், கார்ல் கிளைன்ஷ்மிட் எழுதிய ஓர் எபிசோடில் ஹாக்ஐயின் பால்ய நண்பன் அறுவை மேசையில் அவர் கையிலேயே சாகிறான். காமெடித் தொடரில் வாராந்தர நாயகன் தோற்றுப்போய் அழுகிறான். அடுத்த சீசனில் நிர்வாகம் சனிக்கிழமை இரவுக்கு நேரத்தை மாற்றியது, தொடர் நான்காம் இடத்துக்கு ஏறியது. 1974இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் வந்தது.

அப்புறம் ஹென்றி பிளேக்.

முகாமின் தலைமை அதிகாரி, லெப்டினன்ட் கர்னல். அதிகாரம் செய்யத் தெரியாத, தூண்டிலும் தொப்பியுமாகத் திரியும் நல்ல மனிதர். நடித்த மக்லீன் ஸ்டீவன்சன் தொடரைவிட்டு விலகுவதாகச் சொன்னார். வழக்கமாக என்ன செய்வார்கள்? கேக் வெட்டி, கட்டிப்பிடித்து, ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். 1975 மார்ச் 18இல் வந்த அந்த எபிசோடும் அப்படித்தான் போகிறது. தலைப்பு 'அபிசீனியா, ஹென்றி'. வேகமாகச் சொன்னால் 'ஐல் பி சீயிங் யா', பிறகு பார்க்கலாம் என்று காதில் விழும். எவரெட் கிரீன்பாமும் ஜிம் ஃபிரிட்செல்லும் எழுதினார்கள், கெல்பார்ட் இயக்கினார்.

ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் நடிகர்களுக்குக் கொடுக்கவில்லை, ஆல்டா ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். வழியனுப்பும் காட்சிகள் எல்லாம் எடுத்து முடித்ததும், இன்னும் ஒரே ஒரு காட்சி இருக்கிறது என்று எல்லோரையும் கூட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார் கெல்பார்ட். அறுவை அறை. எழுத்தர் ரேடார் முகமூடி இல்லாமல் உள்ளே வருகிறார், ஒரு தந்தியைப் படிக்கிறார்: ஹென்றி பிளேக்கின் விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. மருத்துவர்கள் வேலையை நிறுத்த முடியாது. கண்கள் மட்டும்தான் தெரிகின்றன. முதல் முறை எடுத்ததில் ஏதோ கோளாறு, இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாம் முறையில், ரேடார் படித்து முடித்த அமைதியில், யார் கையிலிருந்தோ ஒரு கருவி தவறித் தரையில் விழுந்து சத்தமிட்டது. எழுதப்படாத சத்தம். கெல்பார்ட் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

கோபமும் அழுகையுமாக ஆயிரத்துக்கும் மேல் கடிதங்கள். காமெடி பார்க்க உட்கார்ந்தவர்களை இப்படியா செய்வது என்றார்கள். கெல்பார்ட்டும் ரெனால்ட்ஸும் நிறையக் கடிதங்களுக்குக் கைப்பட பதில் எழுதினார்கள். சில வாரங்களுக்குள், ஏப்ரல் 4இல், வியட்நாமிய அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைகோனிலிருந்து கிளம்பிய அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று நிஜமாகவே விழுந்து நொறுங்கியது. கற்பனை மனிதர் ஒருவருக்காக அழுதவர்கள் இந்தக் குழந்தைகளுக்காகவும் அழுதார்களா என்று பிற்பாடு இருவரும் கேட்டதுண்டு.

நான்காம் சீசனின் கடைசி எபிசோடு 'தி இன்டர்வியூ', 1976 பிப்ரவரி. கெல்பார்ட்டே எழுதி இயக்கினார், அவர் விடைபெற்றதும் இதோடுதான். கறுப்பு வெள்ளை. நிஜத்தில் போர்ச் செய்தியாளராக இருந்த கிளீட் ராபர்ட்ஸ் கேமராவோடு முகாமுக்கு வந்து ஒவ்வொருவரையும் பேட்டி எடுக்கிறார். எட்வர்ட் மரோ 1952 கிறிஸ்துமஸில் கொரியாவிலிருந்து செய்த தொலைக்காட்சிச் செய்திப்படம்தான் மாதிரி. கேள்விகளை நடிகர்களிடம் முன்கூட்டியே கொடுத்து, பாத்திரமாகவே இருந்து வாய்க்கு வந்ததைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, அதிலிருந்து வசனத்தைச் செதுக்கினார். அதில் பாதிரியார் மல்கேஹி சொல்வது: குளிர் கடுமையான நாள்களில் வயிற்றைக் கிழித்ததும் உடம்புக்குள்ளிருந்து ஆவி எழும், மருத்துவர் அந்தத் திறந்த காயத்தின் மேல் கையைக் காட்டிக் குளிர்காய்வார், அதைப் பார்த்துவிட்டு யாரும் மாறாமல் இருக்க முடியுமா? எந்த அறை எழுத்தாளரும் உட்கார்ந்து யோசித்து இதை எழுத முடியாது. கொரியாவிலிருந்த ஒரு மருத்துவர் சொன்ன செய்தி அது. எங்கே கையை வைக்காமல் விட வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அந்த வரி தப்பித்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. அவர் காலத்து எபிசோடுகளில் செவிலியர்கள் பெரும்பாலும் ஓடிப்பிடித்து விளையாடுவதற்கான ஆட்கள். தலைமைச் செவிலி மார்கரெட் ஹூலிஹன் ஒரு முழு மனுஷியாக மாறியது பெரும்பாலும் அவர் போன பிறகுதான். கூடாரத்தில் எல்லோரும் கிண்டலடிக்கும் மருத்துவர் மேஜர் ஃபிராங்க் பர்ன்ஸ் வெறும் அட்டைப் பொம்மை, எத்தனை வருடம்தான் ஒரே முட்டாளை அடிப்பது? கொரியர்கள் பின்னணியில் வந்துபோகிறவர்கள். இன்னொரு பக்கம், கெல்பார்ட் போன பிறகு தொடர் கொஞ்சம் கொஞ்சமாக உபதேசம் செய்யத் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம். 1983இல் ஏறக்குறைய பத்தரைக் கோடிப் பேர் பார்த்த அந்த இரண்டரை மணி நேர இறுதிப் பகுதியில், அவருக்குப் பங்கில்லை. மூன்று வருடம் நடந்த போரைப் பதினோரு வருடம் இழுத்தார்கள் என்ற கிண்டல் பழையது.

'மாஷ்' முடிந்து எழுதியவற்றில் வேகமாகப் போகிறேன். 1977இல் 'ஓ, காட்!' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை. 1980இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று ஒரு தொடர், நாட்டைப் பற்றியதல்ல, இணைந்து வாழும் ஒரு கணவன் மனைவியின் நிலையைப் பற்றியது. இந்தத் தடவை சிரிப்பொலியே கிடையாது என்பதில் ஜெயித்தார். சில வாரங்களில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். 'மாஷ்' முடிந்ததும் அதன் மிச்சப் பாத்திரங்களை வைத்து 'ஆஃப்டர்மாஷ்' என்று 1983இல் ஆரம்பித்தார், அதுவும் நிலைக்கவில்லை.

1982இல் 'டூட்சி'. யாரும் வேலை தராத ஒரு நடிகன் பெண் வேடமிட்டுத் தொலைக்காட்சித் தொடரில் சேர்ந்து புகழ்பெறும் கதை. பலர் கைபட்ட ஸ்கிரிப்ட் அது. ஆனால் பெண்ணாக நடித்ததால் அந்த ஆண் நல்ல ஆணாகிறான் என்ற முதுகெலும்பைக் கொடுத்தவர் கெல்பார்ட். நாயகன் டஸ்டின் ஹாஃப்மனோடு ஓயாத உரசல். ஆஸ்கர் சிலையைவிடக் குள்ளமான ஆஸ்கர் வெற்றியாளரோடு ஒருபோதும் வேலை செய்யாதீர்கள் என்று பின்னால் சொல்லித் தீர்த்துக்கொண்டார். இந்தப் படத்துக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்தது, கிடைக்கவில்லை. அந்த வருடம் அந்த விருதை வாங்கிக்கொண்டு போனது 'காந்தி' படத்தின் திரைக்கதை.

அந்தக் கசப்பெல்லாம் வீணாகவில்லை. 1989இல் பிராட்வேயில் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்': தன் துப்பறியும் நாவலைப் படமாக்கப் போய், தயாரிப்பாளர் வரி வரியாகக் கிழித்துத் திருத்துவதைப் பார்த்து நொந்துபோகும் ஓர் எழுத்தாளனின் கதை. அதற்கும் டோனி. 1993இல் ஒரு சிகரெட், பிஸ்கட் நிறுவனத்தைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு ஏலம் கேட்டு அடித்துக்கொண்டதை 'பார்பேரியன்ஸ் அட் தி கேட்' என்று எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காகத் திரைக்கதையாக்கினார். கணக்குப் புத்தகத்திலிருந்து இவ்வளவு சிரிப்பை எடுத்தவர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை. 2009 செப்டம்பர் 11இல், 81 வயதில், பெவர்லி ஹில்ஸில் புற்றுநோயால் காலமானார்.

நீங்கள் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் ஒரு யோசனை. டிவிடியில் ஒலி அமைப்புக்குள் போனால் சிரிப்பொலி இல்லாத தடம் ஒன்று இருக்கும். முதலில் சிரிப்போடு ஓர் எபிசோடு, பிறகு அதையே சிரிப்பில்லாமல் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை வசனங்களுக்கு நடுவே நடிகர்கள் மூச்சு வாங்குவது கேட்கும். 'ஓ.ஆர்.', 'தி இன்டர்வியூ' இரண்டையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். 'அபிசீனியா, ஹென்றி'யை மட்டும் மூன்று சீசன் அந்த மனிதரோடு பழகிய பிறகு பாருங்கள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். எனக்கும் தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன், அந்தக் கருவி கீழே விழும்போது இன்னமும் தூக்கிவாரிப் போடுகிறது.